தொங்கிய ஒயரும் மூன்றாவது கட்டமும்

நாங்கள் மாட்டிக் கொடுத்த போன் கெட்டுப்போனால், அதே போனிலிருந்து எங்களைக் கூப்பிட்டுத் திட்ட முடியாது என்பதுதான் இந்தத் தொழிலில் இருந்திருக்க வேண்டிய ஒரே வசதி. எல்லோர் கையிலும் செல்போன் வந்ததில் அதுவும் போய்விட்டது.

அலுவலகங்களில் இன்டர்நெட் வழியாகப் பேசும் போன்களை மாட்டுவது என் வேலை. பழைய போனுக்குத் தெருக் கம்பத்திலிருந்து தனிக் கம்பி வரும். இதற்கு அப்படி எதுவும் கிடையாது. கம்ப்யூட்டருக்கு இழுத்த அதே ஒயர், கம்ப்யூட்டர் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் அதே ஸ்விட்ச் பெட்டி. அதில் போனும் ஒரு ஓட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்த ஆபீஸில் எது கெட்டாலும், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும், பழி போன் மேல்தான். அதாவது என் மேல்தான்.

ஏணி மேல் நின்று, ஒயரை வாயில் கடித்துக்கொண்டு, "இப்பக் கேக்குதுங்களா?" என்று என்றைக்காவது கத்தியிருக்கிறீர்களா? அப்படியென்றால் இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். எங்களுக்கு அது பழக்கம்தான்.

எனக்கு ஊர், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். அப்பா தென்னந்தோப்பில் கூலி வேலை. அவர் மகள் நான்தான் எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சியில் சேர்ந்தேன். முதலாளி பிஜு சார் முதல் நாளே தன் மலையாளத் தமிழில் நிபந்தனையைச் சொல்லிவிட்டார். வேலை முடிந்ததும் கஸ்டமரிடம் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் பன்னிரண்டு வரிகள். ஒவ்வொன்றையும் விளக்கிச் சொல்லி டிக் போட வேண்டும். கையெழுத்தான பிறகு முப்பது நாள் புகார் வரக் கூடாது. இப்படி மூன்று தாள் சுத்தமாகத் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

தினமும் சாயங்காலம் அப்பா மட்டும் கேட்பார்: "கண்ணு, வேலை உறுதியாயிருச்சா?"

கரண்ட் போன மூன்று நிமிடம்

முதல் வேலை கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் ஒரு மாட்டுத் தீவனக் கடை. என்னோடு வந்தவர் மயில்சாமி அண்ணன். எங்கள் கம்பெனியின் ஜீப்பை ஓட்டுவதும் சுவரில் ஓட்டை போடுவதும் அவர்தான். கடைக்காரர் எல்லாக் கேள்வியையும் அவரிடமே கேட்டார். அவர் ஒவ்வொரு தடவையும் என்னைக் கை காட்டினார். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்வியையும் அவரிடமே கேட்டார்.

கல்லாவில் ஒன்று, குடோனில் ஒன்று, மாடி வீட்டில் ஒன்று. மூன்றும் பளிச்சென்று பேசின. தாளை எடுத்து முதல் வரியை வாசிக்க ஆரம்பித்தேன். கரண்ட் போனது. மூன்று போனும் செத்துப்போயின. பழைய போனுக்குக் கம்பியிலேயே கொஞ்சம் மின்சாரம் வந்துவிடும், இதற்கு வராது, தனியாக யூபிஎஸ் வைக்க வேண்டும் என்று நான் பாடப் புத்தகம் போல விளக்கினேன். கடைக்காரர் மூலையில் தூசி படிந்து கிடந்த பழைய சிவப்புப் போனை எடுத்துக் காதில் வைத்தார். அதில் சத்தம் வந்தது. அதை என் காதிலும் வைத்துக் கேட்கச் செய்தார். பிறகு பேனாவை மூடி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஏனுங், கரண்டு போனாக் கண்ணு தெரியாதுங்கறது நாயமுங்க. காதும் கேக்காதுங்கறது என்னுங்க நாயம்?"

ஒரு பக்கக் காது

இரண்டாவது, கொழிஞ்சாம்பாறையில் ஒரு தேங்காய் மண்டி. இந்தத் தடவை யூபிஎஸ்ஸை மறக்கவில்லை. மண்டிக்குள்ளேயே ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் பத்துத் தடவை பேசிப் பார்த்தேன். அருமையாக இருந்தது. வெளியூருக்கு ஒரு தடவை கூடப் பேசிப் பார்க்கவில்லை. இன்டர்நெட் உள்ளே வரும் ரவுட்டரில் ஓர் அமைப்பை மாற்ற மறந்திருந்தேன். அதனால் நாம் பேசுவது அங்கே போகும். அங்கே பேசுவது இங்கே வராது.

அன்று சாயங்காலம் மண்டிக்காரர் பொள்ளாச்சியில் இருக்கும் தன் பெரிய வியாபாரிக்குப் போன் போட்டார். "ஹலோ" என்றார். பதில் இல்லை. இன்னும் நாலு ஹலோ. லைனே கிடைக்கவில்லை என்று நினைத்துவிட்டார். ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அந்தப் பொள்ளாச்சிக்காரர் எப்பேர்ப்பட்ட ஆள், அவர் மகன் கல்யாணத்தில் பந்தியில் என்ன போட்டார்கள், என்ன போடவில்லை என்பதையெல்லாம் கணக்குப் பிள்ளையிடம் விவரமாகச் சொல்லி முடித்தார். பொள்ளாச்சிக்காரர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் நான் போய் ஐந்தே நிமிடத்தில் சரி செய்தேன். இரண்டு பக்கமும் கண்ணாடி போலக் கேட்டது. ஆனால் பொள்ளாச்சிக்காரர் அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. மண்டிக்காரர் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ரிசீவரை அதன் இடத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"மூணு தலைமுறையா வாய்க்குள்ளயே வெச்சிருந்ததை ஒரே நாள்ல பேச வெச்சுட்டயே அம்மிணி, உன்ற போனு நல்ல போனுதான்."

பதினோரு மணி

அடுத்து நான் மாட்டியது ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில். தினமும் பதினோரு மணியானால் குரல் துண்டு துண்டாக வருகிறது என்று புகார். பெற்றோர் யாராவது கூப்பிட்டால், பிள்ளை பெயரில் பாதிதான் கேட்குமாம். மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். ஒயரை மாற்றினேன், போனை மாற்றினேன், நாற்காலியைக் கூட மாற்றிப் போட்டேன். மூன்றாம் நாள்தான் காரணம் தெரிந்தது. பிரின்சிபால் மேடம் பதினோரு மணிக்கு டீ குடித்துக்கொண்டே எல்லா வகுப்புக் கேமராவையும் ஒரே நேரத்தில் திறந்து பார்ப்பார். அத்தனை படமும் அதே ஒயரில் ஓடும்போது குரலுக்கு வழி கிடைக்காது.

எனக்குச் சந்தோஷம். போன் குரலுக்கு முதல் வழி கொடுக்கும்படி அமைத்தேன். குரல் தெளிவாக வந்தது. ஆனால் யாராவது போனில் பேசும்போதெல்லாம் கேமராப் படம் கொஞ்சம் நின்று நின்று ஓடியது. மேடம் என்னைக் கூப்பிட்டு, பழையபடியே மாற்றச் சொன்னார். அப்படி மாற்றினால் குரல் மறுபடி உடையும் மேடம், புகார் என் பேரில்தான் வரும் என்றேன். அவர் பொறுமையாகச் சொன்னார்:

"கால் கட்டானாத் திரும்பக் கூப்பிடுவாங்க. பிள்ளைங்க செய்யறது கட்டானா, எனக்காகத் திரும்பச் செஞ்சு காட்டுவாங்களா?"

மலைக்குப் போன தாள்

பிறகு ஒரு கண்ணாடிக் கடை, ஒரு பல் ஆஸ்பத்திரி. இரண்டு தாளும் முப்பது நாள் தாண்டின. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வேலை செய்கிற போனைப் பற்றி யார்தான் என்ன எழுத முடியும்? இன்னும் ஒரு தாள் தேறினால் போதும். அப்போதுதான் வட்டவடை வேலை வந்தது. பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று ஏறி, அங்கிருந்தும் மேலே போக வேண்டும். கேரட், முட்டைக்கோஸ், பூண்டு வாங்கி அனுப்பும் ஒரு விவசாயிகள் சங்கம். அவர்களுக்கு ஆபீஸ், குடோன், ஜீப் ஷெட், நர்ஸ் அறை என்று நாலு இடத்தில் போன் வேண்டும். அங்கே செல்போன் சிக்னல் சில பாறை மேல் மட்டும்தான் கிடைக்கும். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் நர்ஸ் போனை எடுத்து மூன்றை அழுத்தினால் போதும், ஜீப் ஷெட்டில் மணி அடிக்க வேண்டும். அவர்கள் என்னிடம் சொன்னதில் முக்கியமானது அதுதான்.

இரண்டு நாள் செய்தேன். இவ்வளவு கவனமாக நான் எதையும் செய்ததில்லை. யூபிஎஸ் வைத்தேன். வெளியூருக்கும் பேசிப் பார்த்தேன். ஒயர்களை வரிசையாகக் கட்டினேன். நாளைக்கு ஐந்தாவது போன் கேட்டால் இதற்காக மறுபடி மலையேறக் கூடாது என்று, ஒரு ஒயரை மட்டும் உபரியாகத் தயார் செய்து, ஒரு முனையை ஸ்விட்ச் பெட்டியில் சொருகி, மறுமுனையை மேசைக்கு அடியில் சுருட்டித் தொங்க விட்டேன்.

தாளில் பதினோராவது வரி: 'ஒயர்களைக் கழற்றி மாட்டும் முறை ஊழியருக்கு விளக்கப்பட்டது.' ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் பேச்சியக்கா அப்போது குடோனில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கீழே இறங்க வேண்டிய மூணாறு வாடகை ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் டிக் போட்டேன். விளக்கவில்லை, டிக் மட்டும் போட்டேன். கிளம்பும்போதுதான் சுவரில் டிவி, பிரிண்டர் எல்லாவற்றின் பிளக்கும் உருவப்பட்டுத் தொங்குவதைக் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன். சங்கச் செயலாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஐப்பசி மாசம்லம்மா. வானம் முழங்குச்சுன்னா இங்க ஆளுக்கு முந்தி ஒயரைத்தான் காப்பாத்துவோம்."

இருபத்தாறாம் நாள்

காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டே வந்தேன். இருபத்தைந்து வரை ஒரு புகாரும் இல்லை. இருபத்தேழாம் நாள் காலையில் செயலாளர் பாறை மேல் ஏறி நின்று பிஜு சாரைக் கூப்பிட்டார். நேற்று மத்தியானம் இடி இடித்து ஓய்ந்ததிலிருந்து நாலு போனும் பேசவில்லை. அதிலும் நர்ஸ் அறையில் ஒரு விவகாரம் ஆகிவிட்டது. என்ன விவகாரம் என்று அவர் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. நானும் மயில்சாமி அண்ணனும் உடனே ஜீப்பில் கிளம்பினோம். மறையூரில் அவர் டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

நர்ஸ் கோட்டயம் பக்கத்து ஆள், வட்டவடைக்கு வந்து நாலைந்து வருடம். அவர்தான் சொன்னார். மழை விட்ட நேரத்தில் கீழே இருக்கும் வீடுகளிலிருந்து ஒரு பெண்ணை இடுப்பு வலியோடு தாங்கிக்கொண்டு வந்தார்கள். தலைப் பிரசவம். நர்ஸ் போனை எடுத்து மூன்றை அழுத்தினார். மணி அடிக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். ஆபீஸுக்கு அடித்தார், குடோனுக்கு அடித்தார். கடைசியில் செருப்பில்லாமல், சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து, ஜீப் ஷெட்டுக்கு ஓடினார். ஜீப் கிளம்பி மூணாறு போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே, ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டி, பிள்ளை பிறந்துவிட்டது. பெண் குழந்தை. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். நன்றாக இருக்கிறார்கள் என்பதை நான் அவரிடம் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கொஞ்சம் முன்னாலேயே ஜீப் வந்திருந்தால் ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாமா என்று கேட்டேன். அவர் முழங்கால் சிராய்ப்பில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை அழுத்திவிட்டுக்கொண்டு சொன்னார்:

"போன் செத்துக் கிடந்திருந்தா நான் அப்பவே ஓடியிருப்பேன் மோளே. போன்ல லைட்டெல்லாம் எரிஞ்சது. அதை நம்பித்தான் பத்து நிமிஷம் நின்னேன்."

தொங்கிய தலை

ஆபீஸில் ஸ்விட்ச் பெட்டியின் பச்சை விளக்குகள் எல்லாம் கல்யாண மண்டப சீரியல் பல்பு மாதிரி பைத்தியம் பிடித்து மின்னிக்கொண்டிருந்தன. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கையைக் கீழே விட்டுத் தடவினேன். நான் உபரியாக விட்டுவிட்டுப் போன ஒயரின் இரண்டு முனையும் அதே பெட்டியில் இருந்தன. ஒரே பெட்டியில் ஒரே ஒயரின் இரு முனையையும் சொருகினால், உள்ளே போகிற செய்தி வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், பெருகிக்கொண்டே சுற்றும். வேறு எதற்கும் வழி இருக்காது. கல்லூரித் தேர்வில் இந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அந்த முனையை உருவினேன். ஒரு நிமிடத்தில் நாலு போனும் உயிர் பெற்றன. பேச்சியக்கா வாசலில் ஈரக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன். நான் வந்து போன பிறகு வானம் முழங்கியது அன்றுதான் முதல் தடவையாம்; முழங்கியதும் வழக்கம் போல எல்லா ஒயரையும் உருவினாராம். முன்பெல்லாம் ஒவ்வொன்றாக உருவ நேரமாகும். நான் வரிசையாகக் கட்டி வைத்திருந்ததால் இந்தத் தடவை சுலபமாக இருந்ததாம். மழை விட்டதும் எல்லாவற்றையும் திரும்பச் சொருகி, மேசையைத் துடைக்கும்போது அடியில் ஒரு முனை மட்டும் மிச்சமாகக் கிடந்திருக்கிறது. அவர் குரலில் குற்ற உணர்ச்சி இல்லை. கொஞ்சம் பெருமையே இருந்தது:

"நீ பாத்துப் பாத்துக் கட்டுன ஒயராச்சே தாயி, அது மட்டும் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. ஒரு ஓட்டை காலியாக் கெடக்கவும், அதுலருந்துதேன் விழுந்துருச்சுன்னு நாந்தேன் சொருகிவிட்டேன்."

இரண்டு கட்டங்கள்

உபரி ஒயரைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். ஒவ்வொரு ஒயருக்கும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரே நிறத்தில் டேப் ஒட்டினேன். பேச்சியக்காவை இரண்டு தடவை உருவி மாட்டச் சொல்லிப் பார்த்தேன். என்னைவிட வேகமாகச் செய்தார். இதற்கு மொத்தமே கால் மணி நேரம் ஆனது. அன்றைக்கு ஜீப் ஹாரனுக்குப் பயந்து நான் கொடுக்காத கால் மணி நேரம்.

திரும்பும்போது ஜீப்பிலேயே புகார் அறிக்கையை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் அச்சடித்திருக்கும்: 'கஸ்டமர் தவறு', 'கருவிக் கோளாறு'. கருவி எதுவும் கெடவில்லை. கஸ்டமர் தவறு என்று டிக் போட்டால் அது என் கணக்கில் புகாராகச் சேராது. மூன்றாவது தாள் தேறிவிடும். ஆனால் அறிக்கையின் ஒரு நகல் சங்கத்துக்குப் போகும். யார் தவறு என்று அங்கே கேட்பார்கள். சொருகியது நான்தான் என்று பேச்சியக்கா அதே பெருமையோடு சொல்லுவார். அவர் வேலைக்கும் எழுத்துப்பூர்வமான நிரந்தரம் எதுவும் கிடையாது என்பதை, அவர் எனக்குக் கருப்பட்டிக் காபி போட்டுக் கொடுத்த அன்றே சொல்லியிருந்தார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பாதி வழியில் இருக்கும் சின்னார் செக்போஸ்ட் வரை ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். மயில்சாமி அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கஸ்டமர் கட்டத்துல டிக்கைப் போடு அம்மிணி. அந்தக் கட்டத்தை அடிச்சு வெச்சிருக்கறதே அதுக்குத்தான்."

மூன்றாவது கட்டம்

அவர் சொன்னது எனக்கு நல்லதுக்குத்தான். அப்பா முகம் ஞாபகம் வந்தது. அதைவிட அதிகமாக ஞாபகம் வந்தது நர்ஸின் முழங்காலில் இருந்த அந்தப் பிளாஸ்திரி. உடுமலை தாண்டியதும் ஜீப் ஆடாத ஒரு இடத்தில், இரண்டு கட்டத்துக்கும் கீழே ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்தேன். அதற்கு நேராக 'மாட்டியவர் தவறு' என்று எழுதி டிக் போட்டேன். உபரி ஒயரை விட்டுவிட்டு வந்ததையும், பதினோராவது வரியை விளக்காமலே டிக் போட்டதையும் கீழே நாலு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிஜு சார் அதை இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உபரி ஒயர் விடும் வழக்கத்தை இன்றோடு எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று பலகையில் எழுதினார். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்:

"இந்தக் கம்பெனியில மூணாவது கட்டம் வரைஞ்ச முதல் ஆள் நீதான் கேட்டோ. நல்ல காரியம். அதுக்கு இன்னும் ஆறு மாசம் ட்ரெய்னிங்ல இரு."

அன்று சாயங்காலம் வழக்கம் போல "கண்ணு, வேலை உறுதியாயிருச்சா?" என்று கேட்ட அப்பாவிடம், நானும் நான் மாட்டுகிற போன் மாதிரிதான் இருக்கிறேன், லைட் எரிகிறது, லைன்தான் இன்னும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.